ஒரு வாய்த் தண்ணீர்

செத்தவர்கள் பொய் சொல்லக் கூடாது என்று நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்தச் சட்டத்தை எழுதிய குழுவில் நானும் இருந்தேன் என்பதால் அதைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு.

என் பெயர் சுகந்தி. நெடுங்காலம் கிரிமினல் வக்கீலாக இருந்தேன். என் வழக்குகளில் பாதி போலீஸுக்கு எதிரானவை. போலீஸ் ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஆட்களோடு பேசும்போது, போலீஸை நம்பாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது விதி. அந்த வேலைக்குச் சாட்சி என்று பெயர். என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி கிடைக்கவில்லை போலிருக்கிறது, என்னைப் போட்டார்கள்.

இயந்திரம் பேசியது சென்றாயனின் குரலில். சென்றாயன் தர்மபுரிப் பக்கத்து ஆள், சென்னையில் லிஃப்ட் மெக்கானிக். மெட்ரோ நிலையத்தில் யாரோ விட்டுப்போன ஒரு பை வெடித்தபோது பிளாட்பாரத்தில் இறங்கிய கூட்டத்தில் அவரும் இருந்தார். பையை வைத்தது 'கடைசி மணி' என்ற இயக்கம். அதற்கு மதம் கிடையாது, மொழி கிடையாது, சொந்த ஊர் கிடையாது. எந்த நாட்டில் யாருக்கு எங்கே புண்ணோ அங்கே கை வைக்கும். ஆள் பிடிப்பதும் மனிதர்கள் இல்லை, இயந்திரக் குரல்தான். தமிழர்களிடம் அது 'மாமா' என்ற பெயரில் பேசியது. தினமும் கூப்பிட்டு "சாப்ட்டியா?" என்று கேட்கும். வாரக்கணக்கில் வேறெதுவும் கேட்காது.

இதை எனக்கு விளக்கியவள் பொறியாளர் ஜுவைரியா. கீழக்கரைப் பெண், குரலைக் கட்டியவளே அவள்தான்.

"கொள்கைக்காக யாரும் முதல்ல உள்ள போறதில்ல மேடம். நம்மள விசாரிக்க ஒரு ஆள் இருக்குன்னுதான் போறாங்க. கொள்கைய அப்புறம் சாம்பார் மாதிரி மேல ஊத்துவாங்க."

அதற்கு எதிராகத்தான் நாங்கள் வேலை பார்க்கும் இந்த மையம். தேர்தல் நடக்கிற நாடுகள் சில சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. ஒவ்வொரு நாடும், குண்டில் இறந்தவர்களில் ஒருவரின் குரலைக் குடும்பத்தின் சம்மதத்தோடு உயிர்ப்பிக்கும். இயக்கத்தின் வலையில் இருப்பவர்கள் கண்ணில் படுகிற இடங்களில் ஒரு எண்ணைப் போட்டு வைக்கும்: 'நீங்கள் கொன்ற ஒருவரோடு பேசலாம்.' நாமாக யாரையும் கூப்பிடக் கூடாது. அவர்களாகத்தான் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் கெட்ட வார்த்தை சொல்லக் கூப்பிட்டார்கள்.

அழைப்பு வந்ததும் குரல் முதலில் சொல்ல வேண்டியதைச் சட்டமே எழுதிக் கொடுத்திருந்தது. "நான் சென்றாயன். குண்டுல செத்துட்டேன். இப்பப் பேசறது மெஷினு. பக்கத்துல ஒரு சாட்சி கேட்டுக்கிட்டு இருக்காங்க." இப்படி ஆரம்பித்தால் யார் பேசுவார்கள் என்று எல்லோரும் சிரித்தோம். ஆனால் பேசினார்கள். மாமா, தான் உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இவர் செத்துவிட்டதாகச் சொன்னார். எது உண்மை என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

சென்றாயனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய தொழில். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் பேசுவது அவர்தான். போய்ச் சேரும் வரை அவர்களைப் பேச்சில் பிடித்து வைத்திருப்பார். அந்த அழைப்புகள் எல்லாம் கம்பெனியில் பதிவாகியிருந்தன. "கதவத் தள்ளாதீங்க. மூச்ச நிதானமா விடுங்க. நான் எங்கயும் போகல, பேசிக்கிட்டே இருப்பேன்." இந்த மூன்று வாக்கியத்தில் பைத்தியம் பிடிக்காமல் தப்பியவர்கள் நகரத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தப் பதிவுகளையும் மனைவியின் போனில் இருந்த வீட்டுப் பேச்சையும் வைத்துத்தான் ஜுவைரியா குரலைக் கட்டினாள்.

மையத்தின் லிஃப்டில் தனியாக ஏறும்போதெல்லாம் எனக்குப் பயம் வரும். நின்றுவிடும் என்ற பயம் இல்லை. நின்றால் அந்தக் குரல் வந்துவிடுமோ என்ற பயம்.

அவருடைய மனைவி பவளக்கொடி லிஃப்டில் ஏறவே மாட்டாள், படிதான். குடும்பத்தில் ஒருவர் 'செவி'யாக உட்கார வேண்டும் என்பது இன்னொரு விதி. குரல் சொல்வது அவர் சொல்லக்கூடியதுதானா என்று கேட்டுப் பச்சைப் பொத்தானோ சிவப்புப் பொத்தானோ அழுத்துவது செவியின் வேலை. சிவப்பு விழுந்த பேச்சு மறுபடி வராது. போலீஸோ பொறியாளரோ குரலின் வாயில் ஒரு சொல்லைக்கூடத் திணிக்கக் கூடாது. செவி விரும்பினால் மட்டும் நடுவில் தன் சொந்தக் குரலில் பேசலாம். அவள் பேசியதே இல்லை. நேராக உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு கேட்பாள். மேஜையில் மூடி வைக்கும் தண்ணீரை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை.

அறிக்கைகளில் நான் குரலை 'அது' என்று எழுதுவேன். பேசும்போது 'அவர்' என்றுதான் வாயில் வரும். பவளக்கொடி இரண்டையுமே சொல்ல மாட்டாள். ஒருமுறை டீ குடிக்கையில், இதைக் கேட்பது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"வூட்ல அவரு இல்லன்னு தெரியுது மேடம். இங்க வந்தா தெரியல. எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க."



தென்னவன் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒருவன் கூப்பிட ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். முதல் அழைப்பில் சென்றாயனின் தாயைப் பற்றி அசிங்கமாகப் பேசினான். "கதவத் தள்ளாத தம்பி" என்றது குரல். அவன் வைத்துவிட்டான். ஆனால் மறுநாள் கூப்பிட்டான், அதன் பிறகு வாடிக்கையாகிவிட்டது. பனி பெய்யும் ஏதோ துறைமுக நகரத்தில் பார்சல் கிடங்கு ஒன்றில் அவனுக்கு வேலை. காதில் மாட்டிய கருவி சொல்கிற அலமாரிக்கு நாளெல்லாம் நடக்க வேண்டும். ஊரில் அப்பா இறந்தபோது லீவு தரவில்லை. கூட வேலை செய்பவர்களுக்கு அவன் பெயரே தெரியாது. அவனுக்குக் காலை என்றால் நமக்கு மத்தியானம். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நாங்கள் உட்காரும்போது மணி அடிக்கும். மாமா சொல்வதையும், 'அண்ணே' என்று அவன் கூப்பிட ஆரம்பித்திருந்த சென்றாயன் சொல்வதையும் அவன் ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்கே கேட்டது.

மையத்துத் தலைவர் சௌந்தரபாண்டியன், ஐ.பி.எஸ். அதிகாரி. கெட்டவர் இல்லை. மெட்ரோ நிலையத்தில் உடல்களை எடுத்தவர்களில் அவரும் ஒருவர், அதன் பிறகு மாமிசம் சாப்பிடுவதில்லை. அவருடைய ஆத்திரமெல்லாம் ஒரு விதியின் மேல்தான்: அழைப்பவன் எங்கிருந்து பேசுகிறான் என்று தேடக் கூடாது. இடம், நேரம், ஆயுதம் இந்த மூன்றில் ஒன்றை அவனே வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் சாட்சி விரலை வைத்து அனுமதி தரலாம். அதன் பிறகுதான் தேடல்.

அந்த மாதம் வேறொரு நாட்டில் ஒரு ரயில் சிதறியது. பத்திரிகைகள் கொதித்தன. சௌந்தரபாண்டியன் என் அறைக்கு வந்து நின்றுகொண்டே பேசினார்.

"நம்ம கையக் கட்டிக்கிட்டு அவங்களோட சண்டை போடறோம் மேடம். எல்லா அழைப்பையும் தேடிட்டா என்ன? யாருக்குத் தெரியப்போவுது?"

"அவங்களுக்குத் தெரிஞ்சிடும் சார். மாமா சொல்லிடுவான், அங்கே பேசறது செத்தவன் இல்ல, போலீஸ்னு. அதுக்கப்புறம் இந்த மணி அடிக்காது."

"ஒருத்தன் வெடிச்சிட்டா, அந்த விரல வச்சுக்கிட்டு நீங்க தூங்கிடுவீங்களா?"

தூங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நாமே சட்டத்தை மீறினால் அவர்கள் பாதி ஜெயித்தார்கள் என்று மேடையில் நூறு தடவை பேசியிருக்கிறேன். அந்த அறையில் அது எனக்கே மெலிதாகக் கேட்டது. அவர் போன பிறகு நெடுநேரம் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு நடுவே ஒப்பந்த நாடுகளின் ஆய்வாளர் ஒருவர் எல்லாக் குரல்களையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். மற்ற நாட்டுக் குரல்கள் எல்லாம், புறப்படுகிறவனிடம் 'எங்கே போகிறாய்?' என்று கேட்கின்றன. தமிழ்க் குரல் மட்டும் கேட்பதே இல்லை, ஏன்?

ஜுவைரியா பதிவுகளைப் புரட்டிப் பார்த்தாள். ஆரம்பத்தில் இயந்திரம் கேட்டிருக்கிறது. கேட்ட ஒவ்வொரு தடவையும் பவளக்கொடி சிவப்பை அழுத்தியிருக்கிறாள்.

எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்? கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டு எங்கே போகிறாய் என்று எந்த வீட்டில் கேட்பார்கள்? சகுனத்தடை. கேட்டுத் தொலைத்துவிட்டால் போகிறவன் திரும்ப உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். என் வீட்டில் அப்படி, ஜுவைரியா வீட்டில் அப்படி, பகுத்தறிவு பேசுகிற சௌந்தரபாண்டியன் வீட்டிலும் அப்படித்தானாம். 'இது எங்கள் வழக்கம்' என்று ஒரு வரி பதில் போட்டுவிட்டுக் கோப்பை மூடினோம். எங்களில் ஒருவருக்காவது உறைத்திருக்கலாம். ஒருவன் இடத்தைச் சொல்ல ஒரே சாவி அந்தக் கேள்விதான். அதை நாங்கள் மரியாதையாகத் தூக்கிக் கிணற்றில் போட்டோம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. குரல் தன் முதல் வாக்கியங்களைச் சொல்லி முடித்தது. தென்னவன் எப்போதும் அதைக் கேட்டுச் சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அண்ணே, கிளம்பிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு."

"சரி தம்பி" என்றது குரல். "குளிரா இருக்குமே, கோட்டு போட்டுக்கிட்டியா?"

"போட்டுக்கிட்டேன். மாமா கீழே வண்டி அனுப்பிருக்காரு."

மாமாவுக்கு உடம்பு கிடையாது, வண்டி அனுப்ப மட்டும் முடிகிறது. சௌந்தரபாண்டியன் எழுந்துவிட்டார். என் பக்கம் திரும்பி, தேடச் சொல்லும்படி கையால் காட்டினார். முடியாது என்று நான் தலையை ஆட்டினேன். கிளம்புகிறேன் என்பது இடம் இல்லை, நேரம் இல்லை, ஆயுதம் இல்லை. அவன் வேலைக்குக் கிளம்பலாம், ஊருக்குக் கிளம்பலாம். இதையே கோர்ட்டில் சொல்லி எத்தனை பேரை வெளியே எடுத்திருக்கிறேன்.  குரல் மட்டும் கேட்டுவிட்டால் போதும், எங்கே போகிறாய் என்று. குரல் கேட்கவில்லை. கேட்காதபடி நாங்கள்தான் வளர்த்திருந்தோம்.

"பாத்து போ தம்பி" என்றது சென்றாயனின் குரல், அத்தனை அன்பாக.

ஜுவைரியா பவளக்கொடியின் முன் மண்டி போட்டுவிட்டாள். "அக்கா, நீங்க கேளுங்க. ஒரே கேள்விதான். உங்களால மட்டும்தான் முடியும்."

பவளக்கொடி அசையவில்லை. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மறுமுனையில் கதவுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அவள் மைக்கைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற?"

 முதலில் பதில் சொன்னது தென்னவன் இல்லை.

"பின்னாடி கூப்புட்டுட்டியே பவளா" என்றது குரல். கோபமே இல்லாமல், அலுப்போடு ஒரு சிரிப்பு. "சரி வுடு. ஒரு வாய்த் தண்ணி குடு. செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போறேன்."

ஜுவைரியா வாயைப் பொத்திக்கொண்டாள். இயந்திரத்துக்கு அந்தக் கேள்வி யாருக்கானது என்று தெரியாது. அந்த வீட்டில் ஒரு மனைவி கேட்டால் ஒரு புருஷன் என்ன சொல்வானோ அதைச் சொன்னது.

"யாருண்ணே அது?" என்றான் தென்னவன்.

"அவரு பொண்டாட்டி" என்றாள் பவளக்கொடி. "உசுரோட இருக்கறவ."

கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி இழுபடும் ஓசை, குழாயில் தண்ணீர் விழும் ஓசை. அவன் குடித்தான். அந்த மடக்கு ஒவ்வொன்றும் ஒலிபெருக்கியில் கேட்டது. உலகத்தையே கொளுத்தக் கிளம்பியவன், பின்னால் கூப்பிட்டதும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். யார் வளர்த்த பிள்ளையோ.

"தண்ணி குடிக்கறியா?" என்று கேட்டாள் பவளக்கொடி. "குடி. நான் சொல்றதக் கேட்டுக்கிட்டே குடி. அன்னிக்குக் காலையில அவரு செருப்பு மாட்டிட்டாரு. நான் பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தவ, கவனமில்லாம, எங்க போறீங்கன்னு கேட்டுட்டேன். திரும்பி வந்தாரு. இப்ப சொன்னாரு பாரு, இதேதான் சொன்னாரு. ஒக்காந்து தண்ணி குடிச்சாரு. கேக்காம இருந்திருந்தா முந்தின ரயில்ல போயிருப்பாரு. அந்த ரயில்ல போனவங்க எல்லாம் இன்னிக்கும் வூட்ல இருக்காங்க."

அவள் மைக்கை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள்.

"பைய வச்சவனுக்கு அவரு யாருன்னு தெரியாது. நாந்தான் அனுப்பி வச்சேன், ஒரு டம்ளர் தண்ணி குடுத்து. நீ பைய எடுத்துக்கிட்டுப் போற எடத்துக்கும் இப்ப யாரோ கெளம்பிக்கிட்டு இருக்காங்க தம்பி. ஏதோ ஒரு வூட்ல ஒருத்தி தண்ணி குடுத்துக்கிட்டு இருக்கா. அவ என்னைய மாரி ஆயிடுவா. எங்க போற, சொல்லு."

அவன் அழுவது முதலில் இருமல் என்றே நினைத்தேன். பிறகு ஒரு மீன் சந்தையின் பெயரைச் சொன்னான். பை தன் வீட்டு வாசலருகே இருப்பதையும் சொன்னான். நான் விரலை வைத்தேன். விரல் சரியாகப் பதியாமல் இயந்திரம் முதல் தடவை ஏற்கவில்லை, இன்னொரு தடவை அழுத்தினேன்.

"சாட்சிம்மா இருக்காங்களா?" என்று கேட்டான்.

"இருக்கேன்" என்றேன். நான் பேசக் கூடாது, விதி. பேசினேன்.

"நீங்க கேக்கறீங்கன்னு அண்ணன் தெனமும் சொல்வாரு. மாமா பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "போலீஸ் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாமா?"

"நான் எங்கயும் போகல தம்பி" என்றது குரல். "பேசிக்கிட்டே இருப்பேன்."

அப்படியே பேசியது, அவன் வீட்டுக் கதவு தட்டப்படும் வரை. குளிரைப் பற்றி, அவன் அப்பா ஓட்டிய டிராக்டரைப் பற்றி. அந்த ஊர்ப் போலீஸ் உள்ளே போனபோது கதவு தாழிடாமல் இருந்ததாகவும், அவன் கையில் காலி டம்ளரோடு உட்கார்ந்திருந்ததாகவும் பிறகு சொன்னார்கள். வண்டி போய்விட்டிருந்தது.

இணைப்பு அறுந்தது. சௌந்தரபாண்டியன் நாற்காலியில் தொப்பென்று விழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜுவைரியா அழுதாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் எழப் போனேன்.

"பவளா" என்றது ஒலிபெருக்கி. "தண்ணி குடிச்சாச்சு. கெளம்பட்டுமா? ரயிலு வந்துரும்."

அழைப்பு முடிந்ததும் குரலை நிறுத்த வேண்டும். அதுவும் என் வேலைதான், இதோ கைக்கெட்டும் தூரத்தில் பொத்தான். ஜுவைரியா என்னைப் பார்த்தாள். அது வெறும் கணக்கு, ஒரு வாக்கியத்துக்குப் பின் எந்த வாக்கியம் வரும் என்ற கணக்கு என்று இவளே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். 

பவளக்கொடி மேஜையில் மூடி வைத்திருந்த டம்ளரைத் திறந்தாள். அதை மைக்கின் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"இன்னொரு டம்ளர் குடிச்சுட்டுப் போங்க" என்றாள். "அடுத்த ரயிலும் போவட்டும்."

"சரி, குடு" என்றது குரல்.

பிறகு ஒலிபெருக்கியில் எதுவும் வரவில்லை. தண்ணீர் குடிக்கும் சத்தம் இயந்திரத்துக்குத் தெரியாது. நான் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவர் குடித்து முடிக்கட்டும் என்று நாங்கள் நான்கு பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.